பில் குறைக்கப் போய் பெர்மிட்டில் நின்ற வேலை: வன்னி வீடொன்றின் மின்செலவுச் சீரமைப்பு

வீட்டு மின்செலவைப் பார்த்து ஆலோசனை சொல்லும் வேலையைச் சில வருடங்களாகச் செய்து வருகிறேன். இது 2023 மார்ச்சில் தொடங்கி 2025 நடுப்பகுதி வரை நான் கூடவே இருந்து பார்த்த ஒரு வீட்டின் கதை. குடும்பத்தின் சம்மதத்தோடு எழுதுகிறேன். ஆட்களையும் கிராமத்தையும் அடையாளம் காட்டக்கூடியவற்றைத் தவிர்த்திருக்கிறேன். தொகைகளும் அலகுகளும் அந்த வீட்டுப் பில்களிலும் பற்றுச்சீட்டுகளிலும் உள்ளவை.

வீடும் குடும்பமும்

வட இலங்கையின் கிளிநொச்சி மாவட்டத்தில், இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பாயும் குடியேற்றத் திட்டக் கிராமம் ஒன்றில் இருக்கிறது இந்த வீடு. கணவர் நெல் செய்கிறார். மனைவி வீட்டிலேயே தையல். உயர்தரம் படிக்கும் இரண்டு பிள்ளைகள். கணவரின் தாயாரும் கூட இருக்கிறார். வளவு மனைவியின் தகப்பனாருக்குக் கிடைத்த பெர்மிட் காணி, அதாவது அனுமதிப் பத்திரத்தில் கொடுக்கப்பட்ட அரச காணி.

1990 தொடங்கிப் போர் முடியும் வரை வன்னியின் பெரும்பகுதிக்குத் தேசிய மின்கட்டமைப்பிலிருந்து மின்சாரம் வரவில்லை. ஜாம் போத்தல் விளக்கிலும் சைக்கிள் டைனமோவிலும் வளர்ந்த தலைமுறை இது. மீள்குடியேறிய பிறகு இந்திய வீட்டுத்திட்டத்தில் ஐந்தரை இலட்சம் ரூபாய் கிடைத்தது. அந்தக் காசில் 550 சதுர அடி வீட்டின் சுவரும் ஓடும் முடிந்தன. சீலிங் அடிக்கக் காசு மிஞ்சவில்லை. பிறகு சிறுகச் சிறுகச் சேர்த்து, பின்பக்கம் தெற்குப் பார்த்துத் தகரக் கூரையோடு ஒரு பத்தி இறக்கினார்கள். குசினியும் தையல் அறையும் அதற்குள்தான். கரண்ட் 2013இல் வந்தது. மீற்றர் மனைவியின் தாயார் பெயரில் எடுக்கப்பட்டது. தாயார் 2021இல் காலமானார். மீற்றரின் பெயரை யாரும் மாற்றவில்லை. பில் ஒழுங்காகக் கட்டப்பட்டு வந்ததால் மாற்ற வேண்டிய தேவையும் வரவில்லை.

என்னைக் கூப்பிட்டதற்குக் காரணம் பில். மாதம் 155 அலகை ஒட்டி ஓடும் வீடு. பழைய கட்டணத்தில் அது 3,200 ரூபாய் அளவில் இருந்தது. 2022 ஓகஸ்டில் ஒரு முறை, 2023 பெப்ரவரியில் மறுபடி ஒரு முறை கட்டணம் ஏறியது. அதே 155 அலகுக்கு வரி சேர்க்காமலே 8,530 ரூபாய் வந்தது. தையலில் ஒரு மாதம் மிஞ்சும் காசில் பாதி இது.

“பிரிட்ஜை நிப்பாட்டினால் பில் குறையுமோ, தம்பி?” என்பதுதான் வீட்டுக்கார அம்மா கேட்ட முதல் கேள்வி.

முதலில் பார்த்தவை

கட்டண அட்டவணையை மேசையில் வைத்துப் பேசத் தொடங்கினோம். ஒரு அலகைக் குறைத்தால் எவ்வளவு மிச்சம் என்பது, அது எந்தப் படியில் இருக்கும் அலகு என்பதைப் பொறுத்தது. 2023 பெப்ரவரிக் கட்டணத்தின்படி, மாதம் 60 அலகைத் தாண்டும் வீட்டுக்கு முதல் 90 அலகும் ஒவ்வொன்று 42 ரூபாய். 91இலிருந்து 180 வரை 50 ரூபாய். அதோடு நிலையான கட்டணம் 90 வரை 650 ரூபாயாக இருந்து, 91ஆவது அலகிலேயே 1,500 ஆகப் பாய்ந்தது. ஆகவே 92 அலகு எரிக்கும் வீடு இரண்டே இரண்டு அலகுக்காக 950 ரூபாய் கூடுதலாகக் கட்டியது. இதை அறிந்துகொண்டதும் எங்களுக்குக் குறி கிடைத்தது: 90க்குக் கீழே இறங்க வேண்டும்.

பிறகு அளவெடுப்பு. பிளக்கில் செருகும் சிறிய அளவுமானியை ஒரு கிழமை பிரிட்ஜில் விட்டேன். 12.6 அலகு காட்டியது, அதாவது நாளுக்கு 1.8, மாதத்துக்கு 54. வீட்டுப் பாவனையில் மூன்றில் ஒன்று. வாங்கும்போதே பாவித்த பிரிட்ஜ். விறகு அடுப்புக்குப் பக்கத்துச் சுவரோடு ஒட்டி நின்றது. கதவு றப்பரில் ஒரு தாளைச் செருகி இழுத்தால் தடையே இல்லாமல் வந்தது.

கிணற்று மோட்டார் ஒரு குதிரைவலு. தண்ணீர் ஆழத்தில் இல்லை, வாய்க்கால் பாயும் ஊர் என்பதால் கிணறு மேலேயே ஊறும். ஆனால் கிணற்றுக்குள் குழாயின் அடியில் இருக்கும் புட்வால்வ் ஒழுகியது. நிறுத்தினால் குழாய்த் தண்ணீர் கிணற்றுக்கே திரும்பிவிடும். ஒவ்வொரு காலையும் மோட்டார் வெறுமனே ஓடி, தண்ணீர் ஊற்றி, மறுபடி ஓடும். மலசலகூடத் தாங்கியும் இரவு பகலாகச் சிந்திக்கொண்டிருந்தது. அந்தத் தண்ணீரை மேலே ஏற்றியதும் இதே மோட்டார்தான். எல்லாம் சேர்த்து மாதம் 27 அலகு.

மின்விசிறி மூன்று, ஒவ்வொன்றும் 75 வாற் அளவு. இரவில் ஓடுவதை விடப் பகலில் தையல் அறையில் ஓடுவதுதான் கூட. ஏப்ரல் மாத மத்தியானம் தகரத்தின் அடிப்பக்கத்தை வெப்பமானியால் பார்த்தேன், ஐம்பது பாகைக்கு மேல். அந்த வெக்கையில் மூன்று மணி நேரம் குனிந்து தைப்பது என்ன பாடு என்பதை எந்த பில்லும் காட்டாது. மனைவிக்கு அடிக்கடி வரும் தலையிடிக்கும் அந்த அறைக்கும் தொடர்பு இருக்கும் என்றே நான் நினைக்கிறேன். விசிறிகளுக்கு மாதம் 42 அலகு போனது. மீதி 32 அலகு வெளிச்சம், ரிவி, அயன்பெட்டி, தையல் மெசின் எல்லாவற்றுக்கும்.

வயரிங்கையும் பார்த்தேன். ட்றிப் சுவிட்ச் வேலை செய்தது. புவித் தொடுப்புக் (ஏர்த்) கம்பிதான் கோடையில் காய்ந்து இறுகிய மண்ணில் பெயருக்கு நின்றது. அதைப் பிற்பாடு மாற்ற வேண்டி வந்தது.

சோலர் வேண்டாம் என்ற முடிவு, 2023

அந்த மே மாதம் ஒரு விற்பனைப் பிரதிநிதி வீட்டுக்கு வந்தார். 5 கிலோவாற் சோலர், பதின்மூன்றரை இலட்சம், கடனும் ஒழுங்கு செய்து தருவதாகச் சொன்னார். “அரசாங்க மானியம் இருக்கு” என்றும் சொல்லிவிட்டுப் போனார். குடும்பம் ஏறத்தாழச் சம்மதித்துவிட்டது.

இரவு நானும் கணவரும் கணக்கைப் போட்டோம். அந்த நேரம் வங்கி சொன்ன வட்டி 24 வீதம். ஏழு வருடத்துக்கு மாதத் தவணை 33,000ஐத் தாண்டும். வன்னி வெய்யிலில் ஒரு கிலோவாற் நாளுக்குச் சராசரியாக 4 அலகு தரும் என்று வைத்தால், 5 கிலோவாற் மாதம் 600 அலகு. வீட்டுத் தேவை போக மீதியை அன்றைய விலையான 37 ரூபாய்க்கு விற்றாலும், மிச்சப்படும் பில்லையும் கூட்டினாலும், 25,000 தான் வருகிறது. மாதம் எட்டாயிரம் ரூபாயை நெல்லிலிருந்து எடுத்துப் போட வேண்டும். ஒரு போகம் தப்பினால் தவணையும் தப்பும். வேண்டாம் என்று சொன்னேன். அதற்கு இரண்டாவது காரணமும் இருந்தது: ஒழுகும் வீட்டின் தேவையை அளந்து சோலரின் அளவை முடிவு செய்தால், ஒழுக்குக்கும் சேர்த்துப் பனல் வாங்குகிறோம்.

மானியம் பற்றி

இதை விரிவாகவே எழுத வேண்டும். நான் போகும் ஒவ்வொரு வீட்டிலும் இதே குழப்பம்தான்.

இந்தக் குடும்பத்தின் மூத்த பிள்ளை யூடியூப்பில் ஒரு தமிழ்க் காணொளி பார்த்திருந்தது. 3 கிலோவாற் சோலருக்கு 78,000 ரூபாய் அரசு மானியம் என்று அதில் தெளிவாகச் சொல்கிறார்கள். உண்மைதான், ஆனால் அது இந்தியாவில். 2024 பெப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூர்யகர் திட்டத்தில் அங்குள்ள வீட்டுக்காரர்களுக்கு முதல் 2 கிலோவாற்றுக்கு ஒவ்வொன்றுக்கும் 30,000, மூன்றாவதற்கு 18,000 இந்திய ரூபாய் கொடுக்கிறார்கள். மொழி ஒன்றாக இருப்பதால் தமிழ்நாட்டுச் செய்தி எங்கள் வீட்டுச் செய்தி போல வந்து சேர்கிறது. கிளிநொச்சி வீட்டுக்கு அதில் ஒரு சதமும் இல்லை.

ஊர்க் கோயிலுக்குச் சோலர் இலவசமாக வருகிறது என்ற பேச்சும் இருந்தது. அதுவும் உண்மை. இந்திய நன்கொடையில் இலங்கை முழுவதும் 5,000 வழிபாட்டிடங்களுக்குக் கூரைச் சோலர் கொடுக்கும் திட்டம் அது. வீடுகளுக்கு உரியது அல்ல.

விற்பனைப் பிரதிநிதி மானியம் என்று சொன்னது உண்மையில் மின்சாரத்தை வாங்கும் விலை. 2016 செப்டெம்பரில் தொடங்கிய சூரிய பல சங்கிராமய திட்டத்தின்படி, கூரையில் உற்பத்தியாகும் மின்சாரத்தில் வீட்டுப் பாவனை போக மிஞ்சியதை மின்சார சபை 20 வருட ஒப்பந்தத்தில் வாங்கத் தொடங்கியது. நிகரக் கணக்கு முறை என்பது இதுதான். மிச்ச அலகு காசாக வராமல் அடுத்த மாதத்துக்கு வரவாக மட்டும் நிற்பது நிகர மானி முறை. ஆரம்பத்தில் முதல் ஏழு வருடத்துக்கு 22 ரூபாய், பிறகு 15.50 என்று இருந்த விலை, பொருளாதார நெருக்கடியின் போது 37 ஆனது. 2024 நடுப்பகுதியில் 27க்கு இறங்கியது. 2025இல் 5 கிலோவாற்றுக்கு உட்பட்ட புதிய இணைப்புகளுக்கு 20.90 ஆனது. உங்கள் ஒப்பந்தம் எந்த விலையின் காலத்தில் எழுதப்படுகிறதோ அந்தக் காலத்து விலை ஒழுங்குதான் கடைசி வரை. கையில் வரும் மானியம் எதுவும் இல்லை. திகதிதான் இங்கே மானியம்.

இன்னொன்று சலுகை வட்டிக் கடன். ஆசிய அபிவிருத்தி வங்கி 2017இல் கூரைச் சோலருக்கென்று 5 கோடி டொலர் கடன் ஒதுக்கி, அது இங்குள்ள வங்கிகள் ஊடாகப் போனது. இந்தக் குடும்பம் விசாரித்த கிளைகளில் அப்படிப்பட்ட கடன் கிடைக்கவில்லை, சாதாரண வட்டிதான். வங்கிக்குப் போனால் “சோலர் கடன் இருக்கா” என்று கேட்பதோடு நிறுத்தாமல், “சலுகை நிதியில் ஏதாவது இருக்கா” என்று தனியாகவும் கேளுங்கள்.

செய்த வேலைகள்

2023 ஏப்ரல் தொடக்கம் யூலை வரை சின்ன வேலைகள் எல்லாம் முடிந்தன. புதிய பிரிட்ஜ் வாங்கலாமா என்பதில்தான் கொஞ்சம் யோசித்தோம். நல்ல இன்வேட்டர் பிரிட்ஜ் ஒன்று ஒன்றரை இலட்சத்துக்கு மேல். அது மாதம் 33 அலகு மிச்சம் பிடித்தாலும் போட்ட காசு திரும்ப எட்டு வருடம் ஆகும். ஆகவே கதவு றப்பரை மாற்றி, அடுப்புப் பக்கத்திலிருந்து விறாந்தை மூலைக்குக் கொண்டுபோய்ச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தோம். கூலியோடு 7,500 ரூபாய். 54 அலகு 37 ஆனது.

புட்வால்வும் மலசலகூடத் தாங்கியும் 5,500 ரூபாய். மோட்டார் 27இலிருந்து 13க்கு இறங்கியது. இந்த வீட்டில் போட்ட காசுக்கு இவ்வளவு விரைவாகப் பலன் தந்தது வேறு எதுவும் இல்லை. பில்லைக் காட்டிக் கேட்கும் ஒவ்வொருவரிடமும் முதலில் கிணற்றடியைத்தான் காட்டச் சொல்கிறேன்.

விசிறி மூன்றையும் 30 வாற் அளவில் ஓடும் புதிய வகைக்கு மாற்றினார்கள். ஒன்று 19,000, ஆக 57,000. பெரிய தொகைதான். தையல் அறை விசிறி காலையிலிருந்து மாலை வரை ஓடும் என்பதால்தான் சம்மதித்தேன். இரவில் மட்டும் ஓடும் வீடாக இருந்தால் பழையதையே வைத்திருக்கச் சொல்லியிருப்பேன்.

தகரக் கூரைக்கு மேலே வெள்ளை வெப்பத்தடுப்புப் பூச்சு, கீழே வெள்ளித் தாள் விரிப்பு, சுவருக்கும் கூரைக்கும் இடையே வெக்கை வெளியேற இடைவெளி. 27,000 ரூபாய். கணவரின் தாயார் மேலே கிடுகு வேயச் சொன்னார். அது நல்ல யோசனை, வன்னியில் தகரத்துக்கு மேல் ஓலை போடுவது பழைய வழக்கம். ஆனால் குசினிப் புகைபோக்கி அதே கூரையில் இருந்ததால் தீக்குப் பயந்து விட்டோம். அடுத்த கோடையில் தகரத்தின் அடி முன்பை விடப் பத்துப் பாகைக்கு மேல் தணிந்திருந்தது. மத்தியானத் தையல் நிற்கவில்லை.

மிச்சம் பல்ப் மாற்றியது, துணிகளைச் சேர்த்துவைத்து ஒரே தடவையில் அயன் பண்ணத் தொடங்கியது. முழுச் செலவு 99,000 ரூபாய். யூலைக் கணக்கு 88 அலகு. பெப்ரவரிக் கட்டணத்தில் பார்த்தால் 8,530 இருந்த பில் 4,346 ஆகிறது. அந்தக் கணக்கில் போட்ட காசு இரண்டு வருடத்தில் திரும்ப வேண்டும். பிறகு கட்டணமே பல முறை இறங்கியதால் நடைமுறையில் காலம் நீண்டது. கட்டணம் இறங்கியதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் கவலைப்படவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

பெர்மிட்

வட்டி இறங்கத் தொடங்கியதும் சோலரைப் பற்றி மறுபடி பேசலாம் என்று முடிவெடுத்திருந்தோம். அதற்கு முன் காகிதங்களை ஒழுங்குபடுத்தப் போனபோதுதான் வேலை நின்றது.

சோலர் விண்ணப்பத்தை மீற்றர் யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் கொடுக்க வேண்டும். மீற்றர் இறந்துபோன தாயார் பெயரில். அதை மகள் பெயருக்கு மாற்ற வளவுக்கு உரித்து காட்ட வேண்டும். பெர்மிட் தகப்பனார் பெயரில். அவர் 2009இல் இறந்தவர். மூலப் பெர்மிட் இடப்பெயர்வில் தொலைந்துவிட்டது. பின்னுரித்தாளர், அதாவது அவருக்குப் பின் காணி சேர வேண்டியவர், என்று யாருடைய பெயரும் குறிக்கப்பட்டிருக்கவில்லை. தாயார் உயிரோடு இருந்தபோது தன் பெயரில் பதியவுமில்லை. பிள்ளைகள் மூவர்: மூத்த அக்கா வவுனியாவில், நடுவில் இவர், தம்பி சுவிஸில்.

அரச காணிக்கு உறுதிக் காணி போல ஈடு வைக்கும் சுதந்திரம் இல்லை. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுக்கப்பட்ட காணியை ஈடு வைக்கவோ கைமாற்றவோ பிரதேச செயலாளரின் சம்மதம் வேண்டும். இதனால் வங்கிகளும் பின்வாங்குகின்றன. வன்னியில் எத்தனையோ குடும்பங்கள் வீட்டுக்குச் சொந்தக்காரர்களாக வாழ்ந்தும் ஒரு விண்ணப்பப் படிவத்தின் முன்னால் சொந்தக்காரர் இல்லாமல் போவது இப்படித்தான். இதைக் காணும் ஒவ்வொரு முறையும் எனக்கு மனம் வேகிறது. போரில் தகப்பனையும் காகிதத்தையும் ஒன்றாக இழந்தவர்களிடம் அந்தக் காகிதத்தையே கேட்கிறோம்.

முதலில் கிராம அலுவலரின் கடிதம், மரணச் சான்றிதழ்கள், பிறப்புச் சான்றிதழ்கள். தகப்பனாரின் மரணச் சான்றிதழில் பெயரின் எழுத்து ஒன்று பெர்மிட் பதிவோடு ஒத்துவரவில்லை. அதற்குச் சத்தியக் கடதாசி. பிறகு பிரதேச செயலகக் காணிப் பிரிவில் பழைய பேரேட்டைத் தேடிப் பிரதி எடுப்பது. கடைசியில் காணிக் கச்சேரியில், அதாவது காணி உரித்தை விசாரிக்கும் அமர்வில், மூவரின் விருப்பமும் பதியப்பட்டது. அக்கா வவுனியாவிலிருந்து வந்து, தனக்கு வேண்டாம், தங்கச்சி பெயருக்கே எழுதுங்கள் என்று கையெழுத்து வைத்தார். தம்பி தூதரகம் ஊடாக எழுதி அனுப்பினார். உடன்பிறந்தவர்களுக்குள் மனத்தாங்கல் இருந்திருந்தால் இந்த ஆய்வு இந்த இடத்திலேயே முடிந்திருக்கும்.

2023 யூனில் தொடங்கிய வேலை 2024 ஓகஸ்டில் முடிந்தது. மீற்றர் மகள் பெயருக்கு வந்தது. சில வாரங்களுக்கு முன்னர்தான் வாங்கும் விலை 37இலிருந்து 27க்கு இறங்கியிருந்தது.

சோலர், 2024

அந்த நேரத்துக்குள் வட்டி 13 வீதத்துக்கு வந்திருந்தது, பனல் விலையும் நன்றாக இறங்கியிருந்தது. 27 ரூபாய்க்கும் செய்யலாமா என்று மறுபடி கணக்குப் போட்டோம்.

வீட்டுத் தேவை இப்போது 88 அலகுதான். 3 கிலோவாற் என்றால் மாதம் 360 அலகு, தேவை போக 272 அலகு விற்பனைக்கு. அது 7,344 ரூபாய். விலைமனு ஆறரை இலட்சம். தம்பி இரண்டரை இலட்சம் அனுப்பினார். மீதி நாலு இலட்சத்தை ஐந்து வருடத்துக்குக் கடன் எடுத்தால் தவணை 9,100. அப்போது 88 அலகுக்கான பில்லே இரண்டாயிரத்துக்குக் கீழே வந்திருந்தது. மிச்சப்படும் பில்லைக் கூட்டினாலும் தவணைக்குக் கொஞ்சம் போதாது. சராசரி மாதத்தில் சில நூறு ரூபாய், மாரியில் இரண்டு மூன்று ஆயிரம் கையிலிருந்து போட வேண்டும். அதைத் தாங்க முடியும் என்று கணவன் மனைவி இருவரும் சொன்னார்கள். ஐந்து வருடத்துக்குப் பிறகு பதினைந்து வருடம் வருமானம். காணியை ஈடு வைக்காமல் இரண்டு அரச ஊழியர்களின் பிணையில் கடன் எடுக்கப்பட்டது.

எங்கே பொருத்துவது என்பதில் ஓட்டுக் கூரையைத்தான் எல்லோரும் காட்டினார்கள். ஏறிப் பார்த்தோம். சலாகைகளில் கறையான். குரங்கு ஓடி உடைத்த ஓடுகள் வேறு. அந்த மரத்தில் இருபது வருடத்துக்குப் பாரம் ஏற்ற முடியாது. பத்தியின் தகரக் கூரை 240 சதுர அடி, தெற்குச் சரிவு, இரும்புச் சட்டம். ஆறு பனலுக்கு அது தாராளம். மேற்கே நிற்கும் பலாவின் ஒரு கிளை மட்டும் வெட்டப்பட்டது.

நிலைபெறுதகு வலு அதிகாரசபையில் பதிந்த நிறுவனமா என்று பார்த்தே விலைமனுக்களை எடுத்தோம். அந்தப் பகுதி மின்மாற்றியில் இன்னும் சோலர் சேர்க்க இடம் இருந்தது. சில கிராமங்களில் அது முன்பே நிரம்பிவிட்டதால் விண்ணப்பம் திரும்பி வருகிறது. ஆகவே முற்பணம் கட்டுவதற்கு முன் இதைக் கேட்டு அறிவது அவசியம். புவித் தொடுப்புக்கு ஆழமான புதிய கம்பி, மின்னல் தாக்கத்துக்குப் பாதுகாப்புக் கருவி. வன்னியில் ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் இடி விழும் என்பதால் இந்தச் செலவைக் குறைக்க நான் சம்மதிக்கவில்லை. ஒக்டோபர் கடைசியில் இணைப்புக் கிடைத்தது.

பிறகு நடந்தவை

முதல் மூன்று மாதமும் மனம் தளர்ந்த மாதங்கள். 2024 நவம்பர் இறுதியில் ஃபெங்கல் புயலின் மழை. வானம் திறக்கவே இல்லை. நவம்பர், டிசம்பரில் உற்பத்தி 250 அலகைத் தொடவில்லை. மாரி இப்படித்தான் இருக்கும் என்று முதலிலேயே எழுதிக் கொடுத்திருந்ததால் சச்சரவு வரவில்லை. மாசி பிறந்ததும் ஏறியது. பங்குனியில் 390ஐத் தாண்டியது.

2025 பெப்ரவரி 9ஆம் திகதி முழு நாடும் இருண்டபோது நேரம் காலை பதினொன்றைத் தாண்டியிருந்தது. நல்ல வெய்யில். வீட்டில் கரண்ட் இல்லை. “மேலே இவ்வளவு வெய்யில் எறிக்க ஏன் விசிறி ஓடேல்லை?” என்று கணவரின் தாயார் கேட்டார். பற்றரி இல்லாத சோலர், கட்டமைப்பில் மின்சாரம் நின்றால் தானும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்பவர் உயிரோடு இருக்க வேண்டும் என்பதற்காகவே அப்படி அமைத்திருக்கிறார்கள். பற்றரியின் விலையைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று முடிவெடுத்தது குடும்பம்தான். சோலர் பொருத்தினால் கரண்ட் போகாது என்று நினைத்து வாங்கும் வீடுகள் நிறைய உண்டு.

அதே வருடம் சித்திரைப் புத்தாண்டு நாட்களில் நாட்டின் மின்தேவை குறையும் என்று, பகலில் கூரைச் சோலர்களை நிறுத்தி வைக்கும்படி மின்சார சபை கேட்டது. உச்ச வெய்யில் காலத்தில் ஒரு கிழமைக்கும் மேலான உற்பத்தி போனது. வருடக் கணக்குப் போடும்போது இப்படிப்பட்ட நாட்களுக்கும் ஒரு பங்கு ஒதுக்க வேண்டும்.

நான் எதிர்பார்க்காத ஒரு நன்மை தையல் அறையில் கிடைத்தது. பனல்கள் தகரத்துக்கு மேல் நிழலாக நின்றதால் அறை இன்னும் தணிந்தது.

மாற்ற வேண்டியவை

வேலையின் ஒழுங்கை இப்படி மாற்றியிருக்கிறேன். முதல் நாளே மீற்றர் பில்லில் இருக்கும் பெயரையும் காணிப் பெர்மிட்டையும் பார்க்கிறேன். சோலர் எப்போதாவது போடும் எண்ணம் இருந்தால், அது ஐந்து வருடம் கழித்து என்றாலும், பெயர் மாற்றத்தை இப்போதே தொடங்கச் சொல்கிறேன். இந்த வீட்டின் காகிதங்கள் 2024 மே மாதம் தயாராக இருந்திருந்தால் வட்டியும் இறங்கியிருந்தது, விலையும் 37ஆக இருந்தது. அந்தப் பத்து ரூபாய் வித்தியாசம் 272 அலகுக்கு மாதம் 2,720 ரூபாய், அதுவும் இருபது வருடத்துக்கு. வீட்டுச் சீரமைப்புக்குப் போன முழுக் காசையும் விட இந்தப் பெயர் மாற்றத் தாமதத்தின் விலை பல மடங்கு.

அத்துடன் பெர்மிட் வைத்திருக்கும் பெற்றோர் உயிரோடு இருந்தால் பின்னுரித்தாளர் பெயரை அவர்களே இப்போதே பதிந்துவிட வேண்டும். இதைச் சாவைப் பற்றிய பேச்சாக நினைத்துத் தள்ளிப் போடுகிறார்கள். தள்ளிப்போட்டால் பிள்ளைகள்தான் அலைவார்கள்.

கூரை விடயத்தில், பனல் எங்கே வரும் என்பதை முதலில் குறித்துவிட்டே வெப்பத்தடுப்பு வேலை செய்ய வேண்டும். இங்கே வெள்ளைப் பூச்சின் பெரும்பகுதி இப்போது பனலுக்கு அடியில் இருக்கிறது. கீழே விரித்த தாளும் காற்று வழியும் போதுமாக இருந்திருக்கும்.

கட்டணப் படிகள் அடிக்கடி மாறுகின்றன. 90 என்ற குறி இந்த வீட்டுக்கு 2023இல் பொருந்தியது. வேறு வீட்டுக்குப் போகும்போது அந்த மாதத்து அட்டவணையை எடுத்து மறுபடி போட வேண்டும்.

பிரிட்ஜ் பற்றி வீட்டுக்கார அம்மா இப்போது மறுபடி கேட்கிறார். நிகரக் கணக்கில் வீட்டில் மிச்சப்படுத்தும் ஒவ்வொரு அலகும் 27 ரூபாய்க்கு விற்பனையாகிறது. புதியது வாங்கினால் மாதம் 16 அலகு, அதாவது 432 ரூபாய். ஒன்றரை இலட்சத்துக்கு அது காணாது. பழையது தானாக நிற்கும் வரை ஓடட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.